மேல மழை பெய்யுது

இது நடந்தது. எனக்குக் கற்பனை செய்து எழுத வராது. கம்ப்யூட்டருக்குப் புரோகிராம் எழுதத்தான் வரும். நம்ப முடியாதவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளலாம், எனக்கு வருத்தமில்லை.

ரிசார்ட்டின் பெயரைச் சொல்லக் கூடாது என்று வக்கீல் சொல்லியிருக்கிறார். முதலாளிக்கும் மேனேஜருக்கும் வேறு பெயர் வைத்திருக்கிறேன். சனோபர் என்ற பெயரை மட்டும் மாற்றவில்லை. மாற்ற வேண்டாம் என்று அவளுடைய உம்மா கேட்டுக்கொண்டார்.

பயந்தேன் என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை. ஆனால் இதை எழுத என்னை உட்கார வைத்தது பயம் இல்லை. கோபம். இன்னும் அடங்கவில்லை.

என் பெயர் முத்துவடிவு. சென்னையில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தேன். இப்போது இலஞ்சியில் சொந்த வீட்டிலிருந்தே இந்தப் பக்கத்துக் கடைகளுக்கும் லாட்ஜுகளுக்கும் வெப்சைட் செய்து கொடுக்கிறேன். போன வருஷம் சீசன் தொடங்கும்போது குற்றாலத்திலிருந்து சங்கரபாண்டி அண்ணாச்சி கூப்பிட்டார். மலையடிவாரத்தில் அவருக்கு ஒரு ரிசார்ட். பின்னால் இறங்குகிற ஓடையை மறித்துச் சுவர் கட்டி, பாறையை வெட்டி, ஒரு அருவி செய்து வைத்திருந்தார். ‘சொந்த அருவி’ என்று போர்டு. மெயின் அருவியில் வெள்ளம் என்று குளிக்கத் தடை போட்டால் ஊருக்கே முகம் வாடும். இவருக்கு மட்டும் கொண்டாட்டம். கூட்டம் எல்லாம் இங்கே வரும்.

அவருக்கு வேண்டியது எளிய வேலைதான். ரூமில் ஒட்டியிருக்கும் க்யூஆர் கட்டத்தை விருந்தாளி போனில் ஸ்கேன் செய்தால் ஒரு பக்கம் திறக்க வேண்டும். சாப்பாடு, வண்டி, அறிவிப்பு எல்லாம் அதில் இருக்க வேண்டும். அறிவிப்பு மட்டும் என் பக்கத்தில் இருக்காது. அது வேறு இடத்தில், ஓர் ஆன்லைன் டாக்குமென்ட்டாக இருந்தது. அதை என் பக்கத்துக்குள் ஒரு ஃப்ரேம் வைத்துக் காட்ட வேண்டும். புரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஃப்ரேம் என்பது சுவரில் வைத்த ஜன்னல் மாதிரி. சுவர் என்னுடையது. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் என்ன தெரிகிறதோ அது என்னுடையது இல்லை. அதைத் தொட எனக்கு வழியும் இல்லை.

மேனேஜர் நாகராஜன் டாக்குமென்ட்டின் லிங்கை அனுப்பினார். திறந்து பார்த்தேன். ஒரே ஒரு வரி இருந்தது.

‘இன்று அருவியில் குளிக்கலாம். மகிழ்ச்சியாக இருங்கள்.’

ஃப்ரேமில் வைத்தேன். வேலை முடிந்தது என்று நினைத்தேன்.

அன்று சாயங்காலம் வெளியே சாரல். சும்மா ஒரு தடவை பக்கத்தைத் திறந்து பார்த்தேன். ஃப்ரேமுக்குள் இரண்டு வரி இருந்தது. இரண்டாவது வரி இப்படி.

‘மேல மழை பெய்யுது.’

அறிவிப்பில் யாரும் இப்படி எழுத மாட்டார்கள். வாயால் சொல்வது போல இருந்தது. மலை மேல் மழை என்றால் கீழே அருவியில் வெள்ளம் வரும் என்று அர்த்தம். மூல டாக்குமென்ட்டைத் தனியாகத் திறந்தேன். அதில் ஒரு வரிதான். திரும்பி வந்து ஃப்ரேமைப் பார்த்தேன். அங்கேயும் இப்போது ஒரு வரிதான்.

யாரோ எழுதி, உடனே அழித்திருக்கிறார்கள். ஃப்ரேமில் மாற்றம் கொஞ்சம் தாமதமாகத் தெரியும். அவ்வளவுதான் என்று எனக்கு நானே விளக்கம் சொல்லிக்கொண்டேன்.

மறுநாள் மத்தியானம் நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வந்தது.

முதலில் ஒரு கோடு. கர்சர். ஃப்ரேமுக்குள் மினுக் மினுக் என்று துடித்தது. அது அங்கே வரக் கூடாது. ஏனென்றால் நான் வைத்தது பார்க்க மட்டும் செய்கிற ஃப்ரேம். அடுத்தவர் கர்சர் அதில் தெரியவே தெரியாது. தெரியும்படி செய்யவும் முடியாது.

ஒவ்வோர் எழுத்தாக வந்தது. ஒற்றை விரலால் தட்டுவது போல. மே... ல... மழை...

வரி முடிந்ததும் கடைசியிலிருந்து அழிந்தது. மறுபடி வந்தது. மறுபடி அழிந்தது. இரண்டு பேர் ஒரே சிலேட்டைப் பிடித்து இழுப்பது போல இருந்தது.

ஸ்கிரீன்ஷாட் எடுத்தேன். படத்தில் என் பக்கம் முழுவதும் தெளிவாக விழுந்திருந்தது. ஃப்ரேம் இருந்த இடம் மட்டும் வெறும் வெள்ளை.

நாகராஜனுக்குப் போன் போட்டேன். டாக்குமென்ட்டில் யார் எழுதுவது என்று கேட்டேன்.  

“யாரும் எழுதலயே மேடம்” என்றார். “அத விட்டுருங்க.”

பார்க்கிறேன் என்று சொல்லவில்லை. விட்டுருங்க என்றார். அது எனக்குச் சரியாகப் படவில்லை.

சாயங்காலம் சங்கரபாண்டி அண்ணாச்சியே கூப்பிட்டார். மேல்மாடி ரூமில் தங்கியிருந்த யாரோ அந்த வரியைப் படித்துவிட்டு, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு காலி செய்துவிட்டார்களாம். எடுத்த எடுப்பில் ஏசினார். வேண்டாதவர்கள் யாரோ எனக்குக் காசு கொடுத்து இதைச் செய்யச் சொல்லியிருக்கிறார்கள் என்றார். பொம்பளைப் பிள்ளையை நம்பி வேலை கொடுத்தது தன் தப்பு என்றார். நான் பேச இடமே கொடுக்காமல் வைத்துவிட்டார்.

 கோபத்தில் போனை மெத்தையில் வீசினேன். சரி, உம்முடைய டாக்குமென்ட்டும் வேண்டாம், ஜன்னலும் வேண்டாம் என்று உட்கார்ந்து ஃப்ரேமையே எடுத்துவிட்டேன். அந்த ஒரு வரியை நானே நேரடியாக என் பக்கத்தில் எழுதினேன். சர்வரில் ஏற்றினேன். திறந்தேன்.

ஃப்ரேம் இருந்தது.

புரோகிராமை மேலிருந்து கீழ் வரை பார்த்தேன். ஃப்ரேம் என்ற சொல்லே அதில் இல்லை. வேறு பிரவுசரில் திறந்தேன். பக்கத்து வீட்டு மஞ்சுவின் போனை வாங்கி அதில் திறந்தேன்.

இருந்தது. உள்ளே ஒன்றும் எழுதியிருக்கவில்லை. வெறும் வெள்ளை.

அப்புறம் சத்தம் கேட்டது.

லேப்டாப்பில் ஒலியை எப்போதும் அணைத்துத்தான் வைத்திருப்பேன். அப்போதும் அணைத்துத்தான் இருந்தது. ஆனாலும் கேட்டது. தண்ணீர் சத்தம். அருவி விழுகிற சத்தம் இல்லை. இந்த ஊரில் பிறந்தவர்களுக்கு வித்தியாசம் தெரியும். தண்ணீருக்கு அடியில் கல் உருளுகிற சத்தம். கட... கட... கட... என்று.

லேப்டாப்பை மூடினேன். சத்தம் நின்றது.

அழுகின இலை வாடை மட்டும் அறையில் நின்றது.

அன்று ராத்திரியைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. லைட்டை அணைக்கவில்லை, அவ்வளவுதான்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. நேரில் போய் இரண்டில் ஒன்று பார்த்துவிடுவது என்று ஸ்கூட்டரை எடுத்தேன். இந்த வேலையே வேண்டாம், ஆனால் என்னைத் திருடி மாதிரி பேசியதற்கு நீர் பதில் சொல்ல வேண்டும். வழி முழுக்க இதைத்தான் மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனேன்.

குற்றாலத்தில் லேசான தூறல்தான். மலை மட்டும் கண்ணுக்குத் தெரியவில்லை. மேகம் அடிவாரம் வரை இறங்கியிருந்தது. மெயின் அருவியில் காலையிலேயே தடை. அங்கே திருப்பி அனுப்பிய வேன்கள் எல்லாம் சங்கரபாண்டி அண்ணாச்சியின் வாசலில் நின்றன.

ரிசப்ஷனில் அண்ணாச்சி சோபாவில் சாய்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாகராஜன் கவுண்டருக்குப் பின்னால் இருந்தார். கவுண்டரில் ஒரு டேப்லெட்டை ஸ்டாண்டில் நிறுத்தியிருந்தார்கள். அதில் என் பக்கம் திறந்திருந்தது. பின்பக்கக் கண்ணாடி வழியே பார்த்தால் அருவிக்கு இறங்கும் படிக்கட்டு தெரிந்தது. கீழே நல்ல கூட்டம். ஸ்பீக்கரில் பாட்டு. வாசுதேவநல்லூரிலிருந்து வேனில் வந்த ஒரு பெரிய குடும்பம் தண்ணீருக்குள் நின்றது. அதில் ஒருவர் இரண்டு வயசுப் பிள்ளையைத் தோளில் வைத்துக்கொண்டு அருவிக்குக் கீழே போய்க்கொண்டிருந்தார்.

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் டேப்லெட்டில் அந்தக் கோடு துடித்தது.

‘மேல மழை பெய்யுது.’

அழிந்தது.

‘மேல மழை பெய்யுது.’

அழிந்தது.

அண்ணாச்சியைத் திரும்பிப் பார்த்தேன். அவர் கட்டைவிரல் போனில் தட்டிக்கொண்டிருந்தது. அவர் ஒரு தட்டுத் தட்டினால் இங்கே ஓர் எழுத்து போனது. முகத்தில் கோபம் இல்லை. ஆச்சரியமும் இல்லை. கொசு அடிப்பவர் போல உட்கார்ந்திருந்தார்.

“அண்ணாச்சி, நீங்களா அழிக்கிய?”

“ஒஞ் சோலியப் பாரு.”

“அப்போ எழுதுதது யாரு?”

 நாகராஜன் முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டார்.

எழுத்துகளின் வேகம் கூடியது. அண்ணாச்சியின் விரலால் ஈடு கொடுக்க முடியவில்லை.

‘தண்ணி கலங்குது.’

‘எல வருது.’

‘பிள்ளய எறக்காத.’

‘பிள்ளய எறக்காத.’

‘பிள்ளய எறக்’

அந்த வரி முடியவில்லை. ஃப்ரேமின் வெள்ளை, கீழிருந்து மங்கத் தொடங்கியது. செம்மண் நிறம். ஏறியது. எழுத்துகளை ஒவ்வொன்றாக மூடிக்கொண்டு ஏறியது.

கட... கட... கட...

கண்ணாடி வழியே கீழே பார்த்தேன். தண்ணீர் வெள்ளையாகத்தான் விழுந்துகொண்டிருந்தது. ஆனால் அதோடு காய்ந்த இலைகள் வந்தன. கொத்துக் கொத்தாக. காட்டு வெள்ளத்துக்கு முன்னால் முதலில் இலைதான் வரும்.

ஓடினேன்.

படியில் நின்று கத்தினேன். பாட்டுச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. கேட்ட இரண்டு பேர் சிரித்தார்கள். மேலேயிருந்து அண்ணாச்சியின் குரல் வந்தது. “ஏ, அவ கிறுக்கச்சி. நீங்க பாட்டுக்குக் குளிங்க.”

அந்தக் குரல்தான் என்னை உசுப்பிவிட்டது. அதுவரை பயம் இருந்தது. அதன் பிறகு இல்லை. செருப்போடு தண்ணீருக்குள் இறங்கினேன். வாழ்க்கையில் என் வாயில் வராத கெட்ட வார்த்தைகள் எல்லாம் வந்தன. நேரே அந்த மனிதரிடம் போனேன். தோளிலிருந்த பிள்ளையின் இடுப்பைப் பிடித்து இழுத்தேன்.

அவர் விடவில்லை.

பிள்ளை அலறியது.

அப்போது ஒன்று நடந்தது. பிள்ளையின் கனம் போய்விட்டது. யாரோ கீழிருந்து தூக்கிக் கொடுத்த மாதிரி, பஞ்சு போல என் கைக்கு வந்தது. என் கைக்கு அடியில் இன்னொரு கை இருந்தது. ஈரமாக. சில்லென்று.

குனிந்து பார்க்கவில்லை.

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு படியில் ஓடினேன். பிள்ளையைத் திருடிக்கொண்டு போகிறாள் என்று பின்னால் கூச்சல். அந்தக் குடும்பம் மொத்தமும் என்னைத் துரத்திக்கொண்டு ஏறியது. சண்டையைப் பார்க்க மற்றவர்களும் ஏறினார்கள்.

ஏறட்டும்.

எல்லாரும் ஏறட்டும்.

மேல்படியில் பிள்ளையின் அப்பா என் தோளைப் பிடித்துத் திருப்பினார். ஓங்கி ஓர் அறை. காதில் கொய்ங்...

அந்தக் கொய்ங் சத்தம் அடங்கவில்லை. பெரிதாகிக்கொண்டே போனது. அது காதில் இல்லை.

மலையில்.

அவர் திரும்பிப் பார்த்தார்.

செம்மண் நிறத்தில் ஒரு சுவர் இறங்கியது. மரத்தை வேரோடு கொண்டு வந்தது. கைப்பிடிக் கம்பி போனது. ஸ்பீக்கர் போனது. நாங்கள் ஓடி வந்த படிகளில் பாதி போனது. ஒரு நிமிஷத்துக்கு முன்னால் அவர்கள் நின்ற இடம் எது என்று கை காட்டக்கூட முடியவில்லை.

என்னை அடித்த கை அந்தரத்திலேயே நின்றது.  அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.  பிள்ளை என் கையில் அழுதுகொண்டிருந்தது.

ஒருவரும் சாகவில்லை.

இரண்டு நாள் கழித்து என் போனுக்கு ஒரு விளம்பரம் வந்தது. சங்கரபாண்டி அண்ணாச்சி போட்டது. நான் செய்த பக்கத்தின் படம். அதன் மேல் பெரிய எழுத்தில், ‘நவீன வெள்ள எச்சரிக்கை ஆப் உள்ள ஒரே ரிசார்ட். உங்கள் பாதுகாப்பே எங்கள் மூச்சு.’

படித்துவிட்டு வாசலில் போய் நின்று காறித் துப்பினேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை.

அந்த வாரமே நாகராஜன் இலஞ்சிக்கு என் வீடு தேடி வந்தார். வேலையை விட்டுவிட்டாராம். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. முற்றத்தில் நின்றபடியே சொன்னார். அப்போதுதான் சனோபர் என்ற பெயரை முதல்முதலாகக் கேட்டேன்.

தென்காசிப் பெண். இருபத்து நாலு வயசு. முந்தின வருஷ சீசனில் அதே ரிசப்ஷனில் இருந்தவள். அறிவிப்பு எழுதுவது அவள் வேலை. ஒரு நாள் மத்தியானம் மலையைப் பார்த்துவிட்டு, மேல மழை பெய்யுது, யாரும் இறங்காதீங்க என்று தன் போனிலிருந்து எழுதினாள். அண்ணாச்சி தன் போனிலிருந்து அதை அழித்தார். அவள் மறுபடி எழுதினாள். அவர் மறுபடி அழித்தார். கடைசியில் எழுதிப் பயனில்லை என்று அவளே படியிறங்கிப் போய் ஒவ்வொருவராக மேலே அனுப்பினாள். எல்லாரும் ஏறிவிட்டார்கள். ஒரு பிள்ளையைப் பாறை மேல் தூக்கி விட்டுவிட்டு அவள் கால் வைப்பதற்குள் தண்ணீர் வந்துவிட்டது.

அவள் அன்று காலையிலேயே வேலையை விட்டு நின்றுவிட்டதாகவும், சொந்த ஜோலியாக ஓடைப் பக்கம் போனதாகவும் அண்ணாச்சி போலீசுக்கு எழுதிக் கொடுத்தார். சாட்சிக் கையெழுத்து நாகராஜனுடையது.

அவர் அழுதார். அவருக்கு நான் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை.

தென்காசியில் சனோபரின் உம்மாவைப் போய்ப் பார்த்தேன். ஊர் என்னவெல்லாம் பேசியது என்று அவர் சொன்னார். வேலையை விட்ட பெண் எதற்கு ஓடைக்குப் போனாள், யாரோடு போனாள் என்று துக்கம் கேட்க வந்த இடத்திலேயே கேட்டிருக்கிறார்கள். ஒரு வருஷமாக அந்த அம்மா வாசல் தாண்டவில்லை. நடந்ததை நான் முழுவதும் சொன்னேன். கேட்டு முடித்ததும் அவர் அழவில்லை.

“எம்புள்ள தப்பா ஒண்ணும் செய்யலைல்லா?” என்று மட்டும் கேட்டார்.

அன்றே துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு என்னோடு வக்கீலைப் பார்க்கக் கிளம்பினார். கேஸ் போட்டோம். நாகராஜன் உண்மையைச் சொல்லிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். கேஸ் தள்ளித் தள்ளிப் போகிறது. இந்த வருஷ சாரலும் தொடங்கிவிட்டது. உடைந்த படியைக் கட்டி, சுவருக்கு வெள்ளையடித்து, அந்த ரிசார்ட் நடக்கிறது. ஆகஸ்ட் வரை ரூம் கிடைக்காதாம்.

போன மாதம் வக்கீல் ஆபீஸ் வாசலில் நாகராஜன் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். வாக்குமூலத்தில் ஒன்றை மட்டும் சொல்லவில்லை என்றார். சொன்னால் மற்றதையும் யாரும் நம்ப மாட்டார்களாம்.

அன்றைக்குத் தண்ணீர் அவளைக் கொண்டு போன பிறகு, எல்லாரும் சிற்றாற்றுக் கரையில் தேடிக்கொண்டிருந்தார்கள். நாகராஜன் ஏதோ எடுக்க ஆபீசுக்குள் வந்திருக்கிறார். அண்ணாச்சி மேசையில் உட்கார்ந்து போனில் தட்டிக்கொண்டே இருந்தாராம். எட்டிப் பார்த்தால் அதே வரி. அவர் அழிக்கிறார். வருகிறது. அழிக்கிறார். வருகிறது. இருட்டுகிற வரை அழித்தாராம். அன்றிலிருந்து ஒரு நாள் தவறாமல் அழிக்கிறாராம். வேறு டாக்குமென்ட் மாற்றிப் பார்த்தார்கள். அதிலும் வந்தது. வெளியாள் ஒருவரை வைத்து, யாரும் எழுத முடியாத ஃப்ரேமுக்குள் அடைத்தால் நிற்கும் என்று யாரோ சொன்னதால்தான் என்னைக் கூப்பிட்டார்களாம்.

 அவளுடைய போன் வேறு யார் கையிலாவது கிடைத்திருக்கலாமே என்று கேட்டேன்.

நாகராஜன் இல்லை என்று தலையை ஆட்டினார்.

“அவ கீழ எறங்குததுக்கு முன்னாலயே அண்ணாச்சி அதப் புடுங்கிட்டாவ. சுவிட்ச் ஆஃப் பண்ணி அவுக டிராயர்ல போட்டாவ. நாந்தான் பூட்டுனேன், மேடம். சாவி எம் பையில கெடந்துது.”